திட்டிவாசல் எந்தப் பக்கம் திறக்கும்?

மாஸ்டருக்குக் கோபம் வந்தால் அதை முதலில் காட்டிக்கொடுப்பது அவருடைய வலது கால்தான். முகம் சும்மா இருக்கும், வாய்கூடச் சில சமயம் சும்மா இருக்கும்; கால் மட்டும் அங்கே இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிக்கும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே தலை நரைத்தவர் அவர். அந்தப் பக்கத்திலும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். கற்றுக்கொள்ள வந்தவர் எதிரே வரும் லாரியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளும் நேரத்தில் மாஸ்டர் அதை மிதித்து இரண்டு உயிரைக் காப்பாற்றுவார். நாளடைவில் காலுக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. மருந்துக்கடை வரிசையில் எவனாவது நடுவில் புகுந்தாலும் மிதிக்கும், டி.வி.யில் யாராவது வாய்கூசாமல் பொய் சொன்னாலும் மிதிக்கும். அவர் வீட்டுக் கூடத்துத் தரைவிரிப்பில் ஓர் இடம் மட்டும் தேய்ந்து நூல் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

அவர் மனைவி டீச்சர். தெருவே மாஸ்டர், டீச்சர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டுக்குள்ளும் அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன. டீச்சர் எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்துகிறவர். வகுப்பு முழுக்க மேஜையைத் தட்டினாலும் குரலை உயர்த்த மாட்டார். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். தட்டல் தானாக அடங்கிவிடும். ஊரில் கோபமே வராத ஒரே ஆளைத் தேடிப் பிடித்துத் தனக்குக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று மாஸ்டர் சொல்வதுண்டு. பாராட்டாகச் சொல்கிறாரா புகாராகச் சொல்கிறாரா என்று யாருக்கும் தெரியாது.

இந்தப் பருவத்தோடு டீச்சர் ஓய்வு பெறுகிறார். கடைசிப் பாடம் பழைய நகரமும் அதன் கோட்டையும். பாடப் புத்தகத்தில் கோட்டைவாசலின் படம் ஒன்று உண்டு. மையைக் கொட்டித் துடைத்ததுபோல் மசமசவென்று இருக்கும். அந்தப் பிரமாண்டமான கதவுக்குள்ளே ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு. அதற்குத் திட்டிவாசல் என்று பெயர். பெரிய கதவைச் சாத்திய பிறகும் ஆட்கள் வந்துபோக வைத்தது என்று டீச்சர் வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இந்த வருஷம் வகுப்பில் 'கேள்வி மூட்டை' என்று பேரெடுத்த ஒரு பெண் எழுந்து, அந்தச் சின்னக் கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கம் திறக்குமா என்று கேட்டுவிட்டது. புத்தகத்தில் இல்லை. ஆசிரியர் கையேட்டில் இல்லை. தெரிந்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. கண்ணால் பார்த்துவிட்டு வந்து திங்கட்கிழமை சொல்கிறேன் என்று டீச்சர் வகுப்பின் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், தெரியாததோடு ஓய்வு பெறக் கூடாது என்பது அவர் கட்சி.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் இதைக் கேட்டு உருகிப்போய், அம்மாவின் ஓய்வுக்குத் தன் பரிசு இதுதான் என்று, பழைய நகரத்தின் காலடியிலேயே இருக்கும் உயர்தர ஸ்பா ஓட்டலில் வார இறுதிக்கு அறை போட்டுவிட்டாள். "அறையிலிருந்தே கோட்டை தெரியுமாம்ப்பா, நடந்து போற தூரம்" என்றாள். நடந்து போகிற தூரம் என்பது உண்மைதான். நடக்க விடுவார்களா என்பதை விளம்பரத்தில் போடவில்லை.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் காற்றோடு காற்றாகக் கிசுகிசுத்தாள். பாவம், தொண்டை கட்டிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து மாஸ்டரும் கிசுகிசுப்பாகவே, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னார். அந்தப் பெண் அதைப் புன்னகையோடு ஏற்றுக்கொண்டு, இங்கே எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள் என்று தெரிவித்தாள். இங்கே விருந்தாளி என்று யாரும் கிடையாதாம். எல்லோரும் உள்முகப் பயணிகள். அறை கிடையாது, அது கூடு. சாப்பாடு கிடையாது, ஊட்டம். காபி உண்டா என்று மாஸ்டர் கேட்டார். காபி என்பது அவசரத்தின் திரவ வடிவம் என்று பதில் வந்தது. மாஸ்டரின் கால் முதல் தடவையாக மிதித்தது.

அதன்பின் செருப்பைக் கேட்டார்கள். வெளி உலகத்தின் பதற்றம் செருப்பில்தான் அதிகம் ஒட்டிக்கொண்டு வருகிறதாம். செருப்பைத் தொடர்ந்து உடுப்பு, பெட்டி, கைப்பை. போனை ஒரு வெல்வெட் பைக்குள் போட்டு, தூங்க வைக்கிறோம் என்று தாலாட்டுகிற பாவனையில் எடுத்துப் போனார்கள். பதிலுக்கு ஆளுக்கொரு வெள்ளை அங்கி கொடுத்தார்கள். காலுக்குக் கம்பளித் துணியில் தைத்த மெத்துமெத்தென்ற ஒரு வஸ்து கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு வெறுந்தரையில் பத்தடி நடந்தால் கிழிந்துவிடுமாம். மணிக்கட்டில் ஒரு பட்டை மாட்டினார்கள். நாடித்துடிப்பையும் மூச்சையும் பார்த்து அது நிறம் காட்டும்: சிவப்பு, மஞ்சள், பச்சை. டீச்சருக்கு மாட்டிய உடனே பச்சை எரிந்தது. மாஸ்டருக்கு மாட்டுவதற்கு முன்பே சிவப்பு எரிந்ததாக டீச்சர் பின்னாளில் சொல்லுவார். அது கொஞ்சம் மிகை.

"சரிம்மா, கோட்டைவாசலுக்கு எந்த வழியா போகணும்?" என்றார் மாஸ்டர்.

அந்தப் பெண் பதறவில்லை, பதறுவது அங்கே வழக்கமில்லை. கண்ணை மட்டும் மூடித் திறந்து, அமைதி இயக்குநரை அழைத்தாள். வந்தவருக்கு முப்பது வயது இருக்கலாம். கசங்கியே தைத்ததுபோன்ற விலையுயர்ந்த துணியில், விரல் நுனிவரை மூடும் நீளக்கைச் சட்டை போட்டிருந்தார். பேசுவதற்கு முன்னால் ஒரு மூச்சு, பேசிய பிறகு ஒரு மூச்சு. நிறுவனத்தின் முறை என்னவென்றால், உள்முகப் பயணி பச்சையை எட்டிய பிறகுதான் முன்வாசல் அவருக்குத் திறக்கும். தம்பதியாக வந்தவர்களுக்கு இருவரும் ஒரே நேரத்தில் பச்சையாக இருக்க வேண்டும். அமைதியடையாதவர்களை வெளியே விட்டால் நிறுவனத்தின் பெயர் என்ன ஆகும் என்று வருத்தத்தோடு கேட்டார்.

"அப்ப எங்களை உள்ளே அடைச்சு வைக்கிறீங்க."

"இல்லவே இல்ல ஐயா. நீங்க வெளியே போறதுக்கு நாங்க தடையே கிடையாது. வெளியே போகணும்ங்கிற எண்ணம்தான் தடை. அந்த எண்ணம் போயிடுச்சுன்னா நீங்க தாராளமா வெளியே போகலாம்."

மாஸ்டர் இதை நாலு பக்கத்திலிருந்தும் புரட்டிப் பார்த்தார். எந்தப் பக்கமும் வழி இல்லை. டீச்சர் அவர் முழங்கையைத் தொட்டு, "இன்னும் நாள் இருக்கு, வாங்க" என்று கூட்டிப் போனார்.

கூடு நன்றாகத்தான் இருந்தது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம், பள்ளத்தில் ஓடுகிற ஒரு சின்னத் தெருவைத் தாண்டி, பழைய நகரம் அப்படியே மேலேறிப் போனது. ஓட்டுக் கூரைகள், மாடியில் காயப்போட்ட துணிகள், மணிக்கூண்டு, அதற்குக் கீழே கோட்டைவாசல். திட்டிவாசல் இருக்கிற பக்கத்தை மட்டும் ஒரு மரம் மறைத்திருந்தது. டீச்சர் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டி வைத்து அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நகர்ந்து பார்த்தார். மரம் அசைந்து கொடுக்கவில்லை. ஜன்னலைத் திறக்கலாமென்று மாஸ்டர் தேடினார். அதற்குத் தாழ்ப்பாளே வைக்கவில்லை.

அப்போது மணிக்கூண்டிலிருந்து புறாக்கள் குபீரென்று கிளம்பின. சத்தமே இல்லை. புறாக்கள் ஒரு வட்டம் அடித்து, திரும்பி வந்து, ஒவ்வொன்றாக உட்கார்ந்து, கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு அடங்கிய பிறகு, கூட்டுக்குள் கூரையிலிருந்து கணீரென்று மணி ஒலித்தது. புறாக்கள் அசையாமல் இருந்தன. மறுநாள் விசாரித்தபோதுதான் தெரிந்தது. பழைய நகரத்து மணி கொஞ்சம் கரகரப்பாம். உள்முகப் பயணிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் அந்தச் சத்தம் உள்ளே வராதபடி கண்ணாடியைத் தடித்ததாகப் போட்டு, வேறெங்கோ பதிவு செய்த ஒரு நல்ல மணியை ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். சரி, அதை அந்த மணி அடிக்கும் நேரத்திலேயே போடக் கூடாதா என்று மாஸ்டர் கேட்டார். நேரத்தோடு போட்டிபோடுவதை நிறுவனம் ஊக்குவிப்பதில்லை என்றார்கள்.

சனிக்கிழமை காலையில் தலையணை ஆலோசகர் வந்தார். இப்படி ஓர் உத்தியோகம் உலகத்தில் இருப்பது மாஸ்டருக்கு அன்றுதான் தெரியும். அவர் மாஸ்டரின் பின்னங்கழுத்தில் இரண்டு விரலை வைத்து, உங்கள் கழுத்து யாரை நம்புகிறது என்று கேட்டார். தெரியாத ஆள் கைவைத்தால் யாரையும் நம்பாது என்று மாஸ்டர் சொன்னார். ஆலோசகர் அதை மிக ஆழமான பதிலாக எடுத்துக்கொண்டு, செங்கல் போலக் கனமான ஒரு தலையணையைச் சிபாரிசு செய்துவிட்டுப் போனார்.

அடுத்தது மூச்சு வகுப்பு. வட்டமான ஓர் அறையில் வெள்ளை அங்கிகள் பாயில் உட்கார்ந்திருந்தன. எல்லா மணிக்கட்டிலும் மஞ்சளும் பச்சையுமாக மினுமினுக்க, மாஸ்டரின் கை மட்டும் சிவப்பு சிக்னலில் நின்றுவிட்டது. நடுவே ஒரு வெண்கலக் கிண்ணம். மூச்சுப் பயிற்சியாளர் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, நீங்கள் இப்போது ஒரு நீண்ட வண்டியில் ஒரு மலைச்சாலையில் இறங்குகிறீர்கள் என்றார். இறங்குகிறீர்கள், இன்னும் வேகமாக இறங்குகிறீர்கள், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிடுங்கள், வளைவு வருகிறது, வரட்டும் என்றார். பிறகு நடந்ததற்கு மாஸ்டரைக் குறைசொல்லிப் பயனில்லை. கால் தன் கடமையைச் செய்தது. வெண்கலக் கிண்ணம் அறையின் அந்தக் கோடிவரை உருண்டு போய், ஒரு தூணில் மோதி, நெடுநேரம் ஒலித்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடியிருந்தவர்களில் பலர் அதுதான் பயிற்சியின் உச்சகட்டம் என்று நினைத்துக் கண்ணீர் விட்டார்கள். பயிற்சியாளர் மட்டும் மாஸ்டரிடம் வந்து, உங்களுக்குள் எதுவோ விடமாட்டேன் என்கிறது என்றார்.

"மலைச்சாலையில கையை விடுன்னு சொன்னா எப்படிங்க விடறது" என்றார் மாஸ்டர். "என்கிட்ட படிக்க வந்தவன் யாராச்சும் அப்படிச் செஞ்சிருந்தா அன்னிக்கே லைசென்ஸ் ஆசையை விடச் சொல்லியிருப்பேன்."

மத்தியானம் முகப்பூச்சு. பழைய நகரத்துச் சந்துகளிலிருந்து விடியலில் சேகரித்து, ஏழு தடவை சலித்து எடுத்த புழுதி என்று பெருமையாகச் சொல்லி, குழைத்து, நெற்றியிலிருந்து தாடைவரை அப்பினார்கள். மாஸ்டருக்குக் கோபம் தலைக்கேறியது. பேசினால் பூச்சு விரிசல் விடும் என்று எச்சரித்திருந்தார்கள். விரிசல் விட்டாலும் பரவாயில்லை என்று கேட்டேவிட்டார்.

"அந்த ஊர் மண்ணை மூஞ்சியில பூசிக்கலாம், கால்ல மிதிக்கக் கூடாதா?"

பூச்சுக்காரப் பெண் விரிசலை மட்டும் விரலால் தடவி அடைத்தாள்.

பூச்சு காய்ந்து இறுகியதும் மாஸ்டரால் எதையும் அசைக்க முடியவில்லை. இந்தத் திங்கட்கிழமை டீச்சர் வகுப்பில் எதைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தார். பக்கத்துக் கட்டிலில் டீச்சர் மண் முகத்தோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மணிக்கட்டில் பச்சை ஆடாமல் எரிந்தது. நாம் ஒரு ஆள் நிதானமாக இருந்தால் அவள் போய்ப் பார்த்துவிடுவாளே, இத்தனை வருஷத்தில் அவளுக்காக இந்த ஒரு காலை அடக்க முடியவில்லையே என்று மாஸ்டருக்கு வெட்கமாகவும் வருத்தமாகவும் இருந்தது. அந்த வருத்தத்திலேயே அசந்து தூங்கிவிட்டார். எழுந்தபோது பட்டை மஞ்சளாகியிருந்தது. ஊழியர்கள் சுற்றி நின்று, சத்தம் வராமல் கைதட்டினார்கள்.

சாயங்காலம் பார்வை நேரம். எல்லா உள்முகப் பயணிகளையும் மேல்மாடிக் கண்ணாடியின் முன் வரிசையாக உட்கார வைத்து, பழைய நகரத்தைப் பார்க்கச் சொல்வார்கள். அதைப் பார்ப்பதே போய்வந்ததற்குச் சமம், கால்வலியும் இல்லை என்பது நிறுவனத்தின் கருத்து. மாஸ்டர் கையை மடிமேல் வைத்துக்கொண்டு, வலது காலின்மேல் இடது காலைப் போட்டு அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். மஞ்சளின் ஓரத்தில் லேசாகப் பச்சை தட்டுப்பட ஆரம்பித்தது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அமைதி இயக்குநர் எழுந்து உரையாற்றத் தொடங்கினார்.

"அதோ தெரியுதே, அந்தக் கோட்டைவாசல். அதுல ஒரு சின்னக் கதவு இருக்கு. முன்னொரு காலத்துல ஒரு அரசி தினமும் அந்தக் கதவு முன்னால வந்து உட்காருவாங்க. திறக்க மாட்டாங்க. சும்மா உட்கார்ந்திருப்பாங்க. அவங்களுக்காகத்தான் அந்தக் கதவையே கட்டினாங்க. நம்ம நிறுவனத்தோட தத்துவமே அங்கேயிருந்து வந்ததுதான். திறக்காத கதவுதான் உண்மையான கதவு."

டீச்சர் கையை உயர்த்தினார். எந்த நூற்றாண்டு என்று கேட்டார். காலம் என்பது ஒருவகை அவசரம் என்று இயக்குநர் அன்போடு விளக்கினார். அந்த அரசியின் பெயர் என்ன என்று கேட்டார். பெயர் என்பது ஒரு சுமை என்றார் இயக்குநர். டீச்சர் எழுந்து நின்றார். கல்வெட்டு உண்டா, செப்பேடு உண்டா, வழிப்போக்கன் எழுதி வைத்த ஒரு குறிப்பாவது உண்டா, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

"ரொம்ப ஆழமா ஆராய்ச்சி பண்ணிருக்கோம்மா. போன வருஷம் ஒரு விளம்பர நிறுவனத்தை வச்சு, எங்க பயணிகளுக்கு எந்த மாதிரி சரித்திரம் பிடிக்கும்னு கேட்டு எடுத்தோம். பெரும்பாலானவங்க அரசியைத்தான் தேர்ந்தெடுத்தாங்க."

டீச்சரின் மணிக்கட்டில் பச்சை அணைந்தது. மஞ்சளில் நிற்கவே இல்லை, நேராகச் சிவப்புக்குப் போனது. அப்படி ஒரு சிவப்பை மாஸ்டர் தன் கையில்கூடப் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் பிள்ளைகள் தட்டிய எல்லா மேஜைகளுக்கும் சேர்த்து அவருக்கு அன்று கோபம் வந்துவிட்டது. மாஸ்டர் எட்டி அவர் அங்கியைப் பிடித்து, விடுங்க டீச்சர், பச்சை வரப்போகுது, வாசல் திறந்துடும் என்று கெஞ்சினார்.

"இதைக் கேட்டுட்டுத் தலையாட்டிட்டு வாசல் தாண்டிப் போனா, திங்கக்கிழமை நான் எந்த மூஞ்சியோட போர்டு முன்னால நிப்பேன்?"

அவ்வளவுதான். இருவருக்கும் முறை மீறல் என்று பார்வை நேரம் ரத்தானது. கூட்டின் கண்ணாடிச் சுவருக்குத் தடித்த திரை இழுத்துவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் விடைபெறும் நேரத்தில் செருப்பும் உடுப்பும் வந்துவிடும், அப்போது போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாஸ்டர் மனைவியைத் தேற்றினார். அதற்கும் வழியில்லை என்று இயக்குநரே நேரில் வந்து தெரிவித்தார். சிகிச்சையின் பலன் வழியில் சிந்திவிடாமல் இருப்பதற்காக, பயணிகளை நான்கு பக்கமும் திரைபோட்ட வண்டியில் ஏற்றி, நேராக ரயில் பெட்டியின் வாசலில் கொண்டுபோய் இறக்குவார்களாம். இது இலவச சேவை என்று சொல்லி மூச்சு விட்டார். அன்று ராத்திரி மாஸ்டரின் கால் மிதித்த மிதியில் கட்டில் மெல்ல நகர்ந்து சுவரோரம் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சர் அங்கியின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "எழுந்திருங்க, போகலாம்" என்றார். எங்கே என்று மாஸ்டர் கேட்கவில்லை. இருவரும் நடைபாதையில் இறங்கினார்கள். ஒரு ஊழியர் எதிரே வந்தபோது டீச்சர் கண்ணைப் பாதி மூடி, எங்கோ மிதப்பதுபோல் நடந்தார். ஊழியர் வணங்கி வழிவிட்டார். அழுக்குத் துணி ஏற்றிய ஒரு தள்ளுவண்டி போவதைப் பார்த்து அதன் பின்னாலேயே போனார்கள். அது ஒரு சலவை அறைக்குள் போனது. உள்ளே நீராவியும் சோப்பு வாசனையும். ஒரு பெண்மணி வெள்ளை அங்கிகளை மலைபோல் குவித்து மடித்துக்கொண்டிருந்தார். அங்கே யாரும் கிசுகிசுக்கவில்லை, ரேடியோ கத்திக்கொண்டிருந்தது. மாஸ்டருக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

அந்தப் பெண்மணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வெளியேவா? நேரா போய் இடது பக்கம், சும்மாத்தான் சாத்தியிருக்கு. இன்னிக்கு நீங்கதான் முதல்ல. அங்கியை மட்டும் கறை பண்ணிடாதீங்க" என்றார்.

அந்தக் கதவு திறந்துகொண்டது. வெளியே வெயில், ஒரு சந்து, குப்பைத்தொட்டி, சைக்கிள் மணி. கருங்கல் பாவிய தெருவில் ஏறியதும் கம்பளி வஸ்து சொன்னபடி கிழிந்தது. வெள்ளை அங்கியில், வெறுங்காலில், ஊர் நடுவே நிற்கிறோமே என்று மாஸ்டர் கூசிப்போனார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனையில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர், ஓட்டலா என்று மட்டும் கேட்டுவிட்டு, காலால் ஒரு மரப்பெட்டியை இவர்கள் பக்கம் தள்ளினார். தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் செருப்புகளாம். போகிறபோது போட்டுக்கொள்ளலாம், வருகிறபோது பெட்டியில் போட்டுவிட வேண்டும். மாஸ்டருக்கு ஒரு கால் கறுப்பும் ஒரு கால் பழுப்புமாகக் கிடைத்தது. டீச்சருக்கு ஏதோ ஒரு சின்னப் பெண்ணின் பூப்போட்ட செருப்பு பொருந்திவிட்டது.

கோட்டைவாசலின் பெரிய கதவு சாத்தியே இருந்தது. கீல் இறுகிப்போய் எத்தனையோ காலமாகத் திறப்பதில்லையாம். ஊர் முழுக்கத் திட்டிவாசல் வழியாகத்தான் போய்வந்தது. ஒருவர் காஸ் சிலிண்டரோடு குனிந்து வந்தார், ஒரு பிள்ளை பந்தோடு உள்ளே ஓடியது, ஒரு நாய் யாரையும் லட்சியம் செய்யாமல் தாண்டிப் போனது. டீச்சர் வரிசையில் நின்றார். முறை வந்ததும் குனிந்து உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. மாஸ்டர் வெளியே நின்று அந்த இரும்பு ஆணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. டீச்சர் தோளால் தள்ளிக்கொண்டு, தலையைக் குனிந்து வெளியே வந்தார். மறுபடியும் உள்ளே போனார், மறுபடியும் தள்ளிக்கொண்டு வந்தார். மூன்றாவது தடவை சிரித்துக்கொண்டே வந்தார்.

"வெளிப்பக்கம்தாங்க. நிலையைப் பாருங்க, கதவுக்கு உள்ளே நிக்குது. வெளியேயிருந்து எவன் மோதினாலும் நிலை தாங்கிக்கும். உள்ளே இருக்கிறவன் தோளால ஒரு தள்ளு தள்ளினா போதும். எதிரி உள்ளே வரக் கூடாது, நம்ம ஆளுக்கு வெளியே போகத் தடை இருக்கக் கூடாது. அதுக்குக் கட்டின கதவு இது."

அவர் கண் கலங்கியிருந்தது. புத்தகத்தின் மசமசப்பில் இத்தனை வருஷம் தேடியதைக் கையால் தள்ளிப் பார்த்துவிட்ட சந்தோஷம். மாஸ்டருக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது. எங்கோ பக்கத்தில் மணிக்கூண்டு கரகரவென்று அடித்தது. புறாக்கள் சரியாக அந்த நேரத்திலேயே பறந்தன. வலது கால் சும்மா இருந்தது. அப்போது மணிக்கட்டில் ஏதோ இனிமையாக இசைத்தது. குனிந்து பார்த்தால் பச்சை. டீச்சர் கையிலும் பச்சை.

இருவருக்கும் ஒரே நேரத்தில் பச்சை எரிந்தால் அது ஓட்டலுக்குச் செய்தி அனுப்பும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. சற்று நேரத்தில் அமைதி இயக்குநர் மூச்சிரைக்க ஓடிவந்தார், பின்னால் ஒரு புகைப்படக்காரர். திட்டப்போகிறார் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். இயக்குநரோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கும்போது அந்த நீளக்கைச் சட்டை மேலே ஏறியது. அவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை இருந்தது. சிவப்பு, அதுவும் விட்டுவிட்டு எரிகிற சிவப்பு. அவர் அவசரமாகச் சட்டையை இழுத்து மூடினார்.

"பார்த்தீங்களா ஐயா. எங்க சிகிச்சை வேலை செஞ்சிடுச்சு. சில பேருக்கு உள்ளேயே வேலை செய்யும், உங்களுக்குக் கொஞ்சம் வெளியே வந்து வேலை செஞ்சிருக்கு. ஆனா ஆரம்பிச்சது நாங்கதான். அம்மா, இன்னொரு தடவை அந்தக் கதவு வழியா குனிஞ்சு வாங்க, ஐயா கையைப் பிடிச்சுக்கங்க, செருப்பு மட்டும் படத்துல வேணாம்."

மாஸ்டர் வாயைத் திறந்தார். டீச்சர் அவர் முழங்கையைத் தொட்டார். நாளைக்கு வகுப்பு இருக்கிறது, ரயிலுக்கு நேரமாகிறது. செருப்பைப் பெட்டியில் போட்டுவிட்டு, ஓட்டலில் உடுப்பை வாங்கிக்கொண்டு, திரைபோட்ட வண்டியில் ஏறி, ரயில் பிடித்து ஊர் வந்து சேர்ந்தார்கள். திங்கட்கிழமை டீச்சர் வகுப்பறைக் கதவையே திட்டிவாசலாக்கி, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் குனிந்து தள்ளிக்கொண்டு வெளியே வரச் செய்தாராம். கேள்வி மூட்டை மட்டும் நாலு தடவை போய்வந்ததாம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் மகள் போன் செய்தாள். குரலில் பூரிப்பு தாங்கவில்லை. ஓட்டலின் புதிய விளம்பரத்தில் அம்மாவும் அப்பாவும் வெள்ளை அங்கியில் கோட்டைவாசலிலிருந்து கைகோத்து வருகிற படம் போட்டிருக்கிறதாம். அதோடு ஒரு புதிய சிகிச்சையும் தொடங்கிவிட்டார்களாம், பெயர் 'தப்பித்தல்'. உள்முகப் பயணிகள் சலவை அறை வழியாக யாருக்கும் தெரியாமல் நழுவி, வெறுங்காலோடு பழைய நகரத்துக்குப் போகலாம். வழிகாட்டி கூட வருவார். அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். பச்சை எரிகிறவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள்.

"ஒரே கூட்டமாம்ப்பா, இடமே கிடைக்கலையாம். எப்படியோ பேசி அடுத்த வருஷத்துக்கு உங்க ரெண்டு பேருக்கும் போட்டுட்டேன்" என்றாள்.

மாஸ்டரின் கால் தரைவிரிப்பைத் துளைத்துக்கொண்டு கீழே போகும்போல் மிதித்தது. அவர் போனை டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சலவை அறை வழியாகத்தானா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை விசாரித்தார். ஆமாம்மா, அதற்காகவே அங்கே புதுசா ஒரு அழகான கதவு போட்டிருக்கிறார்கள் என்றாள் மகள்.

"சந்தோஷம்மா. அந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு மட்டும் கேட்டுச் சொல்லு" என்றார் டீச்சர்.